பச்சை நிறத்தில் ஓர் எண்

சிட்னி
1 அக்டோபர் 2019

அன்புள்ள நெவில்,

நமது வங்கியின் அறிக்கைக் குழு நேற்று மாலை கூடி, மூன்று துறைகளின் கருத்தையும் கேட்டறிந்து, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. தினசரி அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கும் எண் இனிக் கறுப்பாக இராது, பச்சையாக இருக்கும். எந்தப் பச்சை என்பதில் சிறிது கருத்து வேறுபாடு எழுந்தது. யூகலிப்டஸ் இலைக்கும் கிரிக்கெட் மைதானத்துக்கும் இடைப்பட்ட ஒன்று ஒருமனதாக ஏற்கப்பட்டது. போலண்ட் நன்றியுரை கூறினார். பிறகு என்னிடம், "கறுப்பா இருந்தா மேல இருக்கறவங்க காலங்காத்தாலயே கலங்கிப் போயிடறாங்க ரோஸ்" என்று விளக்கினார். துறைத் தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

காகிதத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். கட்டாய விடுப்பில் இருப்பவரோடு மின்னஞ்சல், தொலைபேசி, குறுஞ்செய்தி எதிலும் தொடர்பு கூடாது என்கிறது விதி. உங்கள் தொலைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். என்னுடையதும் வங்கி கொடுத்ததுதான், பேசுவதெல்லாம் பதிவாகும். தபாலைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. சட்டப் பிரிவில் கேட்டேன். "தபாலா? அதெல்லாம் இன்னும் இருக்கா?" என்றார்கள். அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். வேலை விஷயம் எழுத மாட்டேன். நிறம் வேலை விஷயம் அல்ல.

இன்று முதல் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். நேற்றிரவு அம்மா கேட்டாள், எதில் கையெழுத்து என்று. "நாளைக்கு வங்கி அதிகபட்சம் எவ்வளவு பணத்தைத் தொலைக்கும்னு நெவில் எழுதின கணினி நிரல் கணக்குப் போடும்மா. அந்த எண்ணுக்குக் கீழே" என்றேன். "தொலைக்கப்போறாங்கன்னு தெரிஞ்சே கையெழுத்தா? உங்கப்பா மீன் கடையில இப்படியெல்லாம் பண்ணினதில்லையே" என்றாள். மால்ட்டாவிலிருந்து வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் மீன் கடையோடு ஒப்பிட்டாக வேண்டும்.

உங்கள் நாற்பது பக்கக் கையேட்டை இரண்டு முறை படித்தேன். அதில் உள்ளதையெல்லாம் செய்தேன். இருந்தும் பேனாவை மூன்று முறை திறந்து மூடினேன். தவறான எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டவளை இந்த ஊரில் வேறு எந்த வங்கியின் வாசலிலும் நிற்க விடமாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆறு வருடமாக நீங்கள் போட்டீர்கள், நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தீவில் காற்று நன்றாக வீசுகிறதா?

ரோஸ்லின் காமில்லெரி


கரி, கிங் தீவு
5 அக்டோபர்

அன்புள்ள ரோஸ்லின்,

பச்சை பற்றிய செய்தி கிடைத்தது. இத்தனை வருடமாக அந்த எண்ணை எப்படிச் சரியாகக் கணக்கிடுவது என்பதில் நேரத்தை வீணடித்துவிட்டேன் என்று இப்போது படுகிறது.

என் அக்கா கிளெனிஸ் வீட்டில் இருக்கிறேன். காற்று வீசுகிறது. இங்கே அது செய்தி அல்ல. மரங்கள் எல்லாம் யாரோ அழைத்ததுபோல் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. நானும் அவ்வாறே செய்துவருகிறேன். மற்றவர்களுக்கு இரண்டு வாரம் என்றால், எனக்குச் சேர்ந்துபோன விடுப்பு முழுவதையும் இதோடு கோர்த்து ஒரு மாதமாக்கிவிட்டார்கள். ஒரு மனிதன் தினமும் தன் கையால் எதையாவது மறைத்துக்கொண்டிருந்தால், அவன் இரண்டு வாரம் இல்லாதபோது அது தானாக வெளியே வந்துவிடும் என்பது இந்த விதியின் தத்துவம். திருடர்களுக்காக வகுத்த விதி. என்னிடம் அதற்கு எதுவும் அகப்படாது என்று நினைத்திருந்தேன்.

புதன்கிழமை ஒரு சிறு விஷயம் நடந்தது. காலைக் காபியை ஒரு வாய் குடித்தேன். கிளெனிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, தந்தி அடிக்கிறியா?"

"என்னது?"

"வந்த நாள்லேருந்து பாக்கறேன். காபி வாயில பட்டதும் வலது ஆட்காட்டி விரலால மேசையை ஒரு தட்டு தட்டறே. நேத்தும் தட்டினே. உனக்கு ஏதாவது நரம்புக் கோளாறா?"

அப்போதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இங்கே கிடைக்கும் பாலாடைக்கட்டிக்கு இது பெரிய அவமரியாதை.

வேலை விஷயம் எழுதக் கூடாது என்பதால் வானிலை பற்றி எழுதுகிறேன். இது நீண்ட வார இறுதி. திங்கட்கிழமை அடிலெய்டிலும் விடுமுறை. தொலைக்காட்சியில் இருபத்துமூன்று டிகிரி, மேகம் இல்லை என்றார்கள். குளிரூட்டியும் வேண்டாம், கணப்பும் வேண்டாம், தொழிற்சாலையும் மூடியிருக்கும். வீட்டுக் கூரைகளில் உள்ள சூரிய மின் தகடுகள் மட்டும் வேலை செய்யும். அந்த ஊரின் நண்பகல் மின்சார விலை நேற்றும் இன்றும் ஒன்றாகவே இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு பொழுதுபோக்காக உனக்குச் சுவாரசியமாக இருக்கலாம். கட்டாயம் இல்லை.

நெவில்


சிட்னி
9 அக்டோபர்

அன்புள்ள நெவில்,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. பதில் எழுத ஒரு நாள் காத்திருந்தேன், கோபம் குறையட்டும் என்று. குறையவில்லை.

நீங்கள் என்னை நம்பவில்லை. நேரடியாகவே சொல்லியிருக்கலாம். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்திருந்தாலும் 'அதைப் பார்த்தாயா, இதைப் பார்த்தாயா' என்று கேட்டிருப்பீர்கள். ஆறு வருடமாக, "எனக்குச் சொல்லிக்கொடுங்க நெவில், நானும் உள்ளே வந்து பாக்கறேன்" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும், "இரு, நானே பண்ணிடறேன், சீக்கிரம் முடியும்" என்பீர்கள். இப்போது தீவில் உட்கார்ந்து மாடுகளோடு சேர்ந்து என் வேலையை மேற்பார்வை பார்க்கிறீர்கள்.

உங்கள் தகவலுக்கு: எண் இவ்வளவு அடக்கமாக என்றும் இருந்ததில்லை. நீங்கள் போன பிறகு அசையவே இல்லை என்று சொல்லலாம். போலண்ட் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறார். "பாத்தியா, பச்சை போட்டதும் அடங்கிடுச்சு" என்றார். வேடிக்கையாகச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். பிறகு அதையே மேல்தளக் கூட்டத்திலும் சொன்னாராம்.

வங்கிக்காக மின்சாரம் வாங்கி விற்கும் லாக்கிக்கும் கொண்டாட்டம். ஒரு சூரிய மின் பண்ணையின் நண்பகல் மின்சாரம் அத்தனையையும் முன்கூட்டியே ஒரே விலைக்கு வாங்கி வைத்திருக்கிறானே, நினைவிருக்கிறதா? விலை விழுந்தால் அவனும் விழுவான். "விலை எங்க விழுந்துச்சு தாயே? உன் எண்ணே சொல்லுது, எனக்கு ஆபத்தே இல்லைன்னு. எவ்வளவு வாங்கலாம்ங்கற வரம்பை ஏத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கேன். இன்னும் ரெண்டு பண்ணை பாத்து வெச்சிருக்கேன்" என்கிறான். அடுத்த வியாழக்கிழமை வரம்புக் குழு கூடுகிறது. என் கையெழுத்துள்ள அறிக்கைகளைத்தான் முன்னால் வைப்பார்கள்.

எல்லாம் நன்றாகவே நடக்கிறது. உங்கள் விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்லின்

பி.கு. உறையை ஒட்டுவதற்கு முன் மனம் கேட்காமல் அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். அடிலெய்டின் நண்பகல் விலை, நீங்கள் விடுப்பில் போன நாளிலிருந்து ஒரே விலை. ஒரு காசுகூட மாறவில்லை. சந்தை விலை இப்படி நிற்குமா? சில சமயம் நிற்கும் என்று எழுதுங்கள்.


கரி, கிங் தீவு
12 அக்டோபர்

அன்புள்ள ரோஸ்லின்,

நிற்காது.

இனி நான் எழுதுவது வேலை விஷயம். இதைப் படித்ததற்காக உன்னை யாராவது கேட்டால், வானிலை என்று நினைத்துப் பிரித்தேன் என்று சொல்.

நண்பகலில் வெயில் அடித்தால் எல்லாக் கூரைகளிலிருந்தும் மின்சாரம் கொட்டுகிறது. வாங்க ஆள் இல்லை. அப்போது விற்பவன்தான் பணம் கொடுத்து, 'இதை எடுத்துக்கொண்டு போ' என்று கெஞ்ச வேண்டும். விலை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. நான் இந்தக் கணினி நிரலை எழுதிய காலத்தில் அப்படி ஒரு விலை கிடையாது. எவனோ விரல் தவறி ஒரு கழித்தல் குறியைத் தட்டிவிட்டு, வங்கி முழுக்க ஒரு காலை நேரம் பீதியில் ஓடியது. அதற்குப் பிறகு நான் ஒரு விதி எழுதினேன்: பூஜ்யத்துக்குக் கீழே ஒரு விலை வந்தால் அது தட்டச்சுப் பிழை, அதைத் தனியாக நிறுத்தி வை, ஒரு மனிதன் பார்த்து 'சரி' என்று சொல்லும்வரை பழைய விலையையே வைத்துக்கொள்.

அந்த மனிதன் நான். முதலில் வருடத்துக்கு ஓரிரு முறை. பிறகு மாதத்துக்கு. பிறகு கூரைகளெல்லாம் தகடுகளால் மூடின. இப்போது வசந்த காலத்தில் ஏறக்குறைய தினமும். காலையில் வந்து, நிறுத்தி வைத்த விலைகளைப் பார்ப்பேன், உண்மைதான் என்று தெரியும், ஒரு பொத்தானை அழுத்துவேன். கையில் காபி இருக்கும். நாற்பது பக்கம் எழுதிய நான் அதை எழுதவில்லை. மறைக்க நினைத்து அல்ல. பல் தேய்ப்பதை யாராவது வேலைக் கையேட்டில் எழுதுவார்களா? கிளெனிஸ் சொல்லும்வரை அது நான் செய்யும் ஒரு காரியம் என்றே எனக்குத் தெரியாது.

விதியை மாற்ற ஒவ்வொரு வருடமும் மனுப் போட்டேன். இரண்டு நாள் வேலை. குழு அதை நான்காம் தர முன்னுரிமையில் வைத்தது. ஐந்தாம் தரம் என்று ஒன்று இல்லை.

இப்போது கவனமாகக் கேள். நீ அந்தப் பொத்தானை அழுத்தாதே. அழுத்தினால் இத்தனை நாள் உண்மை விலையும் ஒரே சமயத்தில் உள்ளே வரும். எண் எகிறும். அதற்கு முந்தைய நாள்களின் எண்கள் எல்லாம் பொய் என்று ஆகும். அவற்றில் உன் கையெழுத்து இருக்கிறது. முதலில் போலண்டிடம் போ. இது நெவில் ஸ்டோக்டேல் எழுதிய விதி, நெவில் சொல்லாமல் போன வேலை என்று சொல். என் பெயரைச் சொன்ன பிறகு அவர்களே அழுத்தட்டும்.

இந்தக் கடிதம் எப்போது கிளம்பும் என்று தெரியவில்லை. காற்றினால் நேற்றைய விமானம் வரவில்லை. தபால் நிலையத்தில் பை அப்படியே கிடக்கிறது. கிளெனிஸ் தன் தொலைபேசியை என் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"பண்ணித் தொலைடா. அந்தப் பொண்ணு அங்க தவிச்சுக்கிட்டு இருக்கும்."

"அவ போன் வங்கியோடது. நான் பேசினா பதிவாகும். ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

"வீட்டு நம்பர்?"

கேட்டதே இல்லை, ரோஸ்லின். ஆறு வருடம் பக்கத்து நாற்காலி. உன் வீட்டு விலாசமே உன் உறையின் பின்பக்கத்தில் இருந்துதான் எனக்குத் தெரியும். கிளெனிஸ் மாடுகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

நெவில்


சிட்னி
17 அக்டோபர்

அன்புள்ள நெவில்,

உங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. அழுத்தாதே என்று எழுதியிருந்தீர்கள். நேற்றுக் காலையே அழுத்திவிட்டேன்.

திங்கட்கிழமையே நானாகக் கண்டுபிடித்துவிட்டேன். 'நிறுத்தி வைக்கப்பட்டவை' என்று ஒரு மூலையில் ஒரு பக்கம் இருந்தது. வரிசையாகக் கழித்தல் குறிகள். கீழே ஒரே ஒரு கேள்வி: சரியா? அது நீங்கள் போன நாளிலிருந்து பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. நான் போட்ட கையெழுத்துகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒரு கையெழுத்துப் போடும்போது உங்களைத் திட்டிக்கொண்டே போட்டேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை போலண்டிடம் போனேன்.

"கழித்தல் விலையா? கரண்ட் வாங்கினா கைல காசும் குடுப்பானா? அப்படியிருந்தா எனக்கு ஏன் வீட்டுக்கு பில் வருது?"

"மொத்தச் சந்தையில அப்படித்தான் நடக்குது. மத்தியானத்துல தினமும் நடக்குது. நம்ம எண் தப்பு."

"எண் பச்சையாத்தானே இருக்கு?"

"நாமதான் பச்சையா அடிக்கறோம்."

"அப்புறம் என்ன?"

கழித்தல் குறிகள் இருந்த பக்கத்தை அவர் மேசையில் வைத்தேன். அவருக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "நெவில் திரும்பி வரட்டும், அவனைக் கேட்டுக்கலாம். நீ பாட்டுக்கு எதையும் அழுத்திவைக்காதே. வியாழக்கிழமை வரம்புக் குழு வேற இருக்கு" என்றார்.

ஆகவே புதன்கிழமை காலை என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. இன்னொரு நாள் பொய்க்குக் கையெழுத்துப் போட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்வது, அல்லது அழுத்துவது. போன வாரம் வரை தெரியாமல் போட்டேன். இனித் தெரிந்து போட வேண்டும். அம்மா மீன் கடையைப் பற்றிச் சொன்னது வேண்டாத நேரத்தில் நினைவுக்கு வந்தது. அழுத்தினேன். என் கையில் காபி இல்லை, இருந்திருந்தால் கொட்டியிருக்கும்.

எண் முந்தைய நாளைப்போல் நான்கு மடங்கு. லாக்கியின் வரம்பை எங்கேயோ தாண்டிவிட்டது. கையெழுத்துப் போட்டு, ஏழு மணிக்கு மேலே அனுப்பினேன். பிறகு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. யாராவது கூப்பிடுவார்கள், காவலாளி வருவான், அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று.

யாரும் கூப்பிடவில்லை. எண் பச்சையாக இருந்தது, நெவில். நல்ல அழகான பச்சை. யாரும் அதைப் படிக்கவில்லை.

இன்று வரம்புக் குழு கூடியது. நான் உறுப்பினர் இல்லை. வாசலில் நின்று போலண்டிடம் நேற்றைய அறிக்கையைக் காட்டி, "இதைப் பாருங்க, இதை மட்டும் பாருங்க" என்றேன். "பதினைந்து நாள் சராசரிதான் பாப்போம் ரோஸ், ஒரு நாளை வெச்சு முடிவெடுக்க முடியாது" என்றார். சராசரி நன்றாக அடக்கமாக இருந்தது. லாக்கியின் வரம்பை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். வெளியே வந்தவன் என் மேசையில் ஒரு சாக்லேட் வைத்துவிட்டுப் போனான். "உன் கையெழுத்துக்கு, தாயே."

அது இன்னும் மேசையில் இருக்கிறது. உங்கள் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு.

ரோஸ்லின்


கரி, கிங் தீவு
20 அக்டோபர், ஞாயிறு

அன்புள்ள ரோஸ்லின்,

இன்று இங்கே காற்று நின்றுவிட்டது. தீவில் எல்லோரும் சந்தோஷமாகச் சட்டையைக் கழற்றிவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். அடிலெய்டில் வெயில் என்று கிளெனிஸ் கேட்காமலேயே சொன்னாள். பிறகு, "தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?" என்றாள். இந்த வீட்டில் இப்போது வானிலைச் செய்தி வந்தால் ஒலியைக் குறைக்கிறார்கள்.

நீ செய்தது சரி. நான் சொன்னது தவறு. உன் கையெழுத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அதைப் பொய்யின் பக்கம் இன்னும் சில நாள் நிறுத்தி வைக்கப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை போலண்டுக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். விதி என்னுடையது, பொத்தான் என்னுடையது, கையேட்டில் விட்டுப்போனதும் என்னுடையது என்று எழுதினேன். உனக்குக் கடிதம் எழுதியதையும் சொல்லிவிட்டேன். தபால் நிலையத்துப் பெண் ரசீது கொடுத்துவிட்டு, "முக்கியமானதா?" என்று கேட்டாள். ஒரு நிறத்தைப் பற்றியது என்றேன்.

இன்னொன்று. நீ கேட்டபோதெல்லாம் ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். நான் எழுதிய அந்த நிரல் தானாகவே ஓடுகிறது. கணக்குப் போடுகிறது, அச்சடிக்கிறது, அனுப்புகிறது. ஒரு பொத்தானைத் தவிர அதற்கு என்னிடம் எந்த வேலையும் இல்லை. மனு ஒவ்வொரு முறை நிராகரிக்கப்பட்டுத் திரும்பியபோதும், எனக்கு வர வேண்டிய அளவு வருத்தம் வரவில்லை.

இருபத்தெட்டாம் தேதி, திங்கட்கிழமை வந்துவிடுவேன். அதுவரை தினமும் அழுத்து. யார் என்ன சொன்னாலும் அழுத்து.

நெவில்

பி.கு. கிளெனிஸ் தன் வீட்டு எண்ணை உனக்கு எழுதச் சொல்கிறாள். மறுபக்கத்தில் அவளே எழுதியிருக்கிறாள்.


சிட்னி
25 அக்டோபர்

அன்புள்ள நெவில்,

ஞாயிற்றுக்கிழமை விலை மதியம் முழுவதும் பூஜ்யத்துக்குக் கீழேயே கிடந்தது. லாக்கி வெள்ளிக்கிழமையே புதிய வரம்பு முழுவதற்கும் வாங்கி முடித்திருந்தான். திங்கட்கிழமை காலை நஷ்டக் கணக்கு வந்தது. பொத்தானை அழுத்திய பிறகு நான் கையெழுத்துப் போட்ட எண்ணைவிடச் சற்றே குறைவு. அதற்கு முன்பு போட்ட எண்களைவிடப் பல மடங்கு அதிகம். லாக்கி அன்று மதியம் சாப்பிடப் போனவன் திரும்பவில்லை. அவன் நாற்காலியில் கோட்டு மட்டும் தொங்குகிறது.

தணிக்கையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். பதினாறாம் தேதிக் கையெழுத்து என்னைக் காப்பாற்றலாம் என்றார். அதற்கு முந்தையவை காப்பாற்றா என்றும் அவரேதான் சொன்னார். விசாரணை முடியும்வரை என் கையெழுத்து செல்லாது. நேற்று மாலை முதல் நானும் கட்டாய விடுப்பில் இருக்கிறேன்.

உங்கள் பதிவுத் தபால் கிடைத்ததாம். தபாலும் தொடர்புதான் என்று சட்டப் பிரிவு இப்போது முடிவு செய்திருக்கிறது. விதிப்படி, விடுப்பின்போது தொடர்புகொண்டால் விடுப்பு முதலிலிருந்து தொடங்கும். ஆகவே நீங்கள் திங்கட்கிழமை வர வேண்டாம். முறையான கடிதம் தபாலில் வரும்.

அறிக்கைக் குழு புதன்கிழமை அவசரமாகக் கூடியது. எண் சரியாகவே எச்சரித்தது, நிறம்தான் தவறு என்று கண்டறிந்தார்கள். போலண்ட் அதைச் சொன்னபோது நான் அறையில் இருந்தேன். அவருடைய முகத்தில் உண்மையான நிம்மதி தெரிந்தது.

என் இடத்தில் போலண்டின் உதவியாளர் பெலிண்டா உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண். பொத்தானைப் பற்றி நேற்று அவளிடம் இரண்டு தடவை சொன்னேன்.

"கையேட்டுல எந்தப் பக்கம் ரோஸ்?"

"கையேட்டுல இல்லை. அதுதான் சொல்றேன்."

"இல்லாததை அழுத்தி நானும் மாட்டிக்கவா? உன் நிலைமையைப் பாத்துக்கிட்டே இருக்கேனே. கையேட்டுல வரட்டும், அப்புறம் பண்றேன். தப்பா நினைக்காதே."

தப்பாக நினைக்கவில்லை. கையேட்டில் ஒரு வரி சேர்க்க மனுக் கொடுத்திருக்கிறேன். நாடே வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கும் குதிரைப் பந்தயம் வருகிறது, பிறகு கிறிஸ்துமஸ், ஜனவரியில் எல்லோரும் கடற்கரையில் இருப்பார்கள். பிப்ரவரிக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

இதைக் கிளெனிஸிடம் தொலைபேசியில் சொல்லத்தான் நினைத்தேன். அம்மாவின் தொலைபேசியிலிருந்து எண்ணைப் பாதி வரை அழுத்தினேன். பிறகு உங்களுக்கு இன்னொரு மாதம் கூடிவிடும் என்று வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை அனுப்பலாமா என்றும் தெரியவில்லை. விலாசத்தை அம்மா எழுதுவாள்.

இன்று காலை பெலிண்டா என் காபிக் கோப்பையை வங்கி வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய முதல் அறிக்கை ஏழு மணிக்கே போய்விட்டதாம். எண் இப்போது ஆரஞ்சு நிறம். நேற்று இருந்த அதே எண்.

ரோஸ்லின்